நம் கையால் ஒரு வட்ட வீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். இந்நாட்டுத் தமிழர்களாகிய நாம் இரண்டாவதை மண்டபம் எடுத்து, கடன் வாங்கி, தடபுடலாகப் பண்ணிப் பார்த்துவிட்டோம். முதலாவதை எத்தனை பேர் செய்து பார்த்திருக்கிறோம்? வீடு வாங்கியவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. ஆனால், மண்ணைக் குழைத்து, மரத்தைச் சீவி, தன் கையால் ஒரு கூரையை எழுப்பி, அதன் கீழ் நின்று மழையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் கட்டடப் பொறியியல் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன். ஒரு காங்கிரீட் தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிடத் தெரியும். ஆனால் சென்ற ஆண்டு இறுதி விடுமுறை வரை ஒரு தூணைக்கூட நட்டதில்லை. அந்த விடுமுறையில்தான் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து, இடிக்கப்பட்ட லயத்து வீடுகளின் மரத்தையும் செம்மண்ணையும் கொண்டு ஒரு சிறிய வட்டக் குடிலைக் கட்டினோம்.

அந்த அனுபவத்திலிருந்து எனக்குப் பிறந்த கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. பழைய மரத்தாலும் மண்ணாலும் கட்டுவது வறுமையின் அடையாளம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஓர் அறிவு. படித்த தலைமுறையாகிய நாம் அதைக் கற்காமல் விட்டால், அந்த அறிவு நம் தாத்தா பாட்டியோடு போய்விடும். நமக்குச் சேர வேண்டிய மரமும் லோரியில் ஏறிப் போய்விடும்.

கோயிலைக் கட்டிய கை

தோட்டத்தில் நம் முன்னோர் எதையுமே கட்டவில்லையா? கட்டினார்கள். கோயிலைக் கட்டினார்கள். பல தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிக்கும் பலகை அடித்துக் கூரை போட்டார்கள். மாட்டுக் கொட்டகையும் கோழிக் கூண்டும் கட்டினார்கள். தாங்கள் குடியிருக்கும் வீட்டை மட்டும் கட்டவில்லை. அதை நிர்வாகம் கட்டிக் கொடுத்தது. வேலை இருக்கும் வரை வீடு இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1966-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990-இல் இன்னொரு சட்டமும் வந்தன. அவை வீட்டின் தரத்தைப் பேசின. வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை நம்மில் ஒருவர் முன்பே கேட்டிருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டினால் தோட்டத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்றார். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்ற பழமொழியின் பொருளை அந்தப் பத்து வெள்ளியில் நம் தாத்தாக்கள் புரிந்துகொண்டார்கள்.

என் தாத்தாவின் தோட்டம் அப்படி வாங்கப்பட்டதன்று. பேராவில் சுங்கை சிப்புட் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தின் லயங்கள் 2014-இல் இடிக்கப்பட்டன. நான் அப்போது ஐந்தாம் ஆண்டு. எல்லாரும் அலமாரியையும் சாமிப் படத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தாத்தா மட்டும் இடிப்பு வேலைக்கு வந்த லோரிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். 150 வெள்ளி கொடுத்து எட்டு செங்கால் தூண்களையும், கூரையிலிருந்த மெராந்திச் சட்டங்கள் சிலவற்றையும், ஒரு கட்டுத் தகரத்தையும் வாங்கினார். “இடிச்ச வீட்டு மரத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?” என்று பாட்டி சண்டை போட்டார். அந்த மரம் பத்தாண்டுகளுக்கும் மேல் மாமா வீட்டின் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழ் கிடந்தது.

பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நன்கு காய்ந்த பழைய செங்கால் மரத்தைத் தேடி வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். உல்லாச விடுதிகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் அது மேசையாகவும் தரையாகவும் போகிறது. நாம் குப்பை என்று விட்டுவந்ததை மற்றவர்கள் மெருகேற்றி விற்கிறார்கள்.

ஏன் வட்டம்?

‘சதுரமாகக் கட்டினால் என்ன, வட்டமாகக் கட்டினால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். விடை ஆறாம் ஆண்டுக் கணிதத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். எங்கள் குடிலின் விட்டம் 4 மீட்டர். அப்படியென்றால் சுற்றளவு ஏறத்தாழ 12.6 மீட்டர். அதே நீளச் சுவரைச் சதுரமாகக் கட்டினால் உள்ளே கிடைப்பது 9.9 சதுர மீட்டர். வட்டமாகக் கட்டினால் 12.6 சதுர மீட்டர். அதே மண், அதே உழைப்பு, ஆனால் 27 விழுக்காடு கூடுதல் இடம்! பணம் இல்லாதவனுக்கு இது சாதாரண வேறுபாடன்று.

இரண்டாவது காரணம் வலிமை. மண் சுவர் பெரும்பாலும் மூலையில்தான் முதலில் வெடிக்கும். வட்டத்துக்கு மூலையே கிடையாது. ஒரு பக்கம் தள்ளும் விசையைச் சுவர் முழுவதும் வளையம்போலப் பகிர்ந்துகொள்கிறது. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கட்ச் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக வட்ட மண் வீடுகளில் வாழ்கிறார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் ‘புங்கா’. பூங்கா அல்ல, புங்கா. 2001 ஜனவரி 26-ஆம் நாள் அங்கே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பல்லாயிரம் பேர் மாண்டனர். கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய எத்தனையோ வீடுகள் தரைமட்டமாயின. ஆனால் நன்றாகக் கட்டிய புங்காக்கள் பெரும்பாலும் நின்றன. பொறியியலாளர்கள் அவற்றைத் தேடிப் போய் ஆராய்ந்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகும் அதே வட்ட வடிவில் புதிய வீடுகள் கட்டப்பட்டன.

‘கட்ச் வறண்ட பூமி, நம் நாட்டு மழைக்கு மண் தாங்குமா?’ இது நியாயமான கேள்வி. இதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கும் மழைக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்த பிறகு இந்தியாவுக்குத் திரும்பிவந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் அங்கே நிறைய வீடுகளைக் கட்டினார். வளைந்த சுவர்களும் வட்டங்களும் அவருக்குப் பிடித்தமானவை. திருவனந்தபுரத்துத் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காப்பி ஹவுஸ் ஒரு வட்டக் கோபுரம். உள்ளே மேசைகள் சுருளாக ஏறிக்கொண்டே போகும். அவருடைய சொந்த வீட்டில் பழைய வீடுகளின் மரம், உடைந்த ஓட்டுச் சில்லு, கண்ணாடிப் போத்தல் எல்லாம் சுவரோடு சுவராக இருக்கின்றன. மற்றவர்கள் எறிந்ததை எடுத்துக் கட்டிய அவருக்கு 1990-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மூன்றாவது காரணம் நம் காலத்துக்கு உரியது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. சிமெண்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் என் துறை விரிவுரையாளர்கள் சிரிப்பார்கள். பத்து மாடிக் கட்டடத்தை மண்ணால் கட்ட வேண்டியதில்லை. ஓர் ஓய்வுக் குடிலுக்கும் தோட்ட வீட்டுக்கும்கூட காங்கிரீட் லோரியைக் கூப்பிட வேண்டுமா என்பதே என் கேள்வி.

நாங்கள் கற்ற பாடம்

மாமாவுக்குச் சொந்தமாக ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்க அங்கே ஒரு குடில் தேவைப்பட்டது. தாத்தாவின் மரம் சும்மா கிடந்தது. எங்களுக்கு ஒரு மாத விடுமுறை இருந்தது.

முதல் பாடம் முதல் நாளே கிடைத்தது. குறுக்கே வெட்டிய மரக்கட்டைகளை விறகு அடுக்குவதுபோல் அடுக்கி, இடையில் மண் பூசி எழுப்பும் சுவர் மேல்நாடுகளில் உண்டு. தோட்டத்துக் கதை அல்லவா, பால்மரக் கட்டையால் அப்படிக் கட்டுவோம் என்று நான் ஆசைப்பட்டேன். தாத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார். “பால்மரத்த மருந்து போடாம வெச்சா வண்டு துளைச்சு மாவாக்கிடும்யா.” நாற்பது ஆண்டுகள் பால்மரத்தோடு வாழ்ந்தவரிடம் நான் உணர்ச்சிவசப்பட்டு என்ன பயன்?

எனவே சுவரை முழுக்க மண்ணாலேயே எழுப்ப முடிவு செய்தோம். ஓர் ஊறுகாய் போத்தலில் பாதி செம்மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வைத்தோம். மணல் முதலில் அடியில் தங்கும், அதன்மேல் வண்டல், மேலே களிமண். எங்கள் மண்ணில் களி அதிகம். அப்படியே பூசினால் காய்ந்ததும் வெடிக்கும். ஆகவே இரண்டு பங்கு செம்மண்ணுக்கு மூன்று பங்கு ஆற்று மணல் கலந்தோம். பிடிமானத்துக்குக் காய்ந்த லாலாங் புல்லை நறுக்கிப் போட்டோம். தார்ப்பாயில் கொட்டி வெறுங்காலால் மிதித்தோம். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இன்னும் மிதி, இன்னும் மிதி” என்று மேற்பார்வை செய்தார். சிறுவயதில் அடுப்புப் போட மண் மிதித்தவர் அவர். எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது.

உடைந்த காங்கிரீட் துண்டுகளாலும் ஆற்றுக் கல்லாலும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக அடித்தளம் போட்டோம். அதன்மேல் மண் சுவர். தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தினோம். செங்கால் மரத்தைக் கரையான் எளிதில் தொடாதுதான். இருந்தாலும் ஈரத்தில் நிறுத்தி அதைச் சோதிப்பானேன்?

இரண்டாம் வாரத்தில் பெரிய தவறு செய்தோம். சுவர் மூன்றடி எழும்பியதும் எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். கூரை போடவில்லை. அன்றிரவு காற்றோடு மழை. காலையில் போய்ப் பார்த்தால் மேற்குப் பக்கச் சுவரில் பாதி கரைந்து தரையில் கிடந்தது. மூன்று நாள் உழைப்பு! பாட்டி சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “குடைய விரிக்காம மழையில நிறுத்தினா அது என்னடா செய்யும், பாவம்.” மண் வீட்டுக்கு நல்ல செருப்பும் நல்ல தொப்பியும் வேண்டும். செருப்பு என்பது உயர்ந்த அடித்தளம். தொப்பி என்பது அகன்ற கூரை. எங்களுக்குச் செருப்பு நினைவிருந்தது, தொப்பி நினைவில்லை. கரைந்த மண்ணை மறுபடியும் அள்ளி மிதித்துப் பயன்படுத்தினோம். சிமெண்டாக இருந்தால் அப்படிச் செய்ய முடிந்திருக்காது என்பது மட்டுமே ஆறுதல்.

கூரைதான் எங்களை வியக்க வைத்தது. நடுவில் தூண் இல்லாமல் எட்டுச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வட்டமாக அடுக்கலாம். முதல் சட்டத்தை நடுவில் ஒரு தற்காலிக முட்டுக்கட்டையில் சாய்க்க வேண்டும். இரண்டாவது முதலாவதின்மேல், மூன்றாவது இரண்டாவதின்மேல் என்று போய், எட்டாவது சட்டம் முதலாவதின் அடியில் நுழைய வேண்டும். கட்டி முடித்ததும் முட்டுக்கட்டையைத் தட்டி எடுத்துவிடலாம். எடுத்தபோது கூரை ‘கிரீச்’ என்று இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. நாங்கள் நால்வரும் வெளியே ஓடிவிட்டோம். தாத்தா உள்ளேயே நின்றார். ஒவ்வொரு சட்டமும் அடுத்ததைத் தாங்க, எல்லாம் சேர்ந்து நிற்கிறது. ஒன்று முறிந்தால் மற்றவையும் விழும் என்பதால் நல்ல சட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே அத்தாப்பு வேய்ந்து, நடுவிலுள்ள துளைக்குப் பழைய தகரத்தில் ஒரு மூடி செய்தோம். அத்தாப்பு, மணல், ஆணி, போல்ட் எல்லாம் சேர்த்து 700 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே செலவானது.

ஒரு தூணைச் சுரண்டும்போது வெள்ளைச் சாயத்தில் ‘14’ என்ற எண் தெரிந்தது. தாத்தா வீட்டு எண் அல்ல, பக்கத்து வீட்டுடையது. அதை வெளியே தெரியும்படி நிறுத்தலாம் என்று நண்பன் சொன்னான். “உள்பக்கமா வைங்கய்யா” என்றார் தாத்தா. காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்மாவின் கேள்வி

இந்தக் கதையில் எல்லாரும் கைதட்டவில்லை. படத்தைப் பார்த்ததும் அம்மா தொலைபேசியில் கேட்டது இதுதான்: “உன்ன மண்ணு மிதிக்கவா பல்கலைக்கழகத்துக்கு அனுப்புனேன்?”

இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அம்மா லயத்தில் பிறந்தவர். ஒழுகும் கூரைக்குக் கீழ் வாளி வைத்துக்கொண்டு படித்தவர். வரிசைக்கே பொதுவான கழிவறைக்கு இருட்டில் போய்வந்தவர். அந்த வீட்டிலிருந்து வெளியே வர அவர் பட்ட பாட்டுக்கு முன்னால், ‘மண்ணின் மணம்’ என்று நான் கவிதை பேசினால் அது அநியாயம். வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்குக்காக ஏழையின் வீட்டை அழகு பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அம்மா வெறுத்தது எதை? மரத்தையா, மண்ணையா? ஒழுகும் கூரையைச் சரிசெய்யக்கூட யாரையோ கேட்க வேண்டியிருந்த நிலையை அல்லவா? வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற பயத்தை அல்லவா? கட்டித் தந்த வீட்டில் ஒண்டியிருப்பது வேறு. கட்டத் தெரிந்தவன் தானே தேர்ந்து கட்டுவது வேறு. எங்கள் குடிலில் அத்தாப்பு ஒழுகினால் நானே ஏறி மாற்றுவேன். எங்கே ஒழுகும் என்பதும் எனக்குத் தெரியும்.

வட்ட வீட்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. சதுர அலமாரி வளைந்த சுவரோடு ஒட்டாது. பின்னால் ஓர் அறை சேர்ப்பது கடினம். அத்தாப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் சுவருக்கு மறுபூச்சுப் பூச வேண்டும். சோம்பேறிக்கு மண் வீடு ஆகாது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதியின்றி யாரும் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பெம்புரோக்ஷயர் தேசியப் பூங்காவுக்குள் டோனி ரென்ச், ஜேன் ஃபெய்த் இருவரும் 1997-இல் மரம், மண், பழைய சன்னல்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வட்ட வீட்டைக் கட்டினார்கள். எங்கள் குடிலைப்போலவே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த சட்டங்கள். மேலே புல் வளரும் கூரை. அனுமதி வாங்கவில்லை. அதிகாரிகள் இடிக்கச் சொன்னார்கள். பல ஆண்டுகள் வழக்காடி, 2008-இல்தான் அந்த வீட்டுக்கு அனுமதி கிடைத்தது. இதிலிருந்து நான் கற்றது, சட்டத்தை மீற வேண்டும் என்பதன்று. இப்படியும் கட்டலாம், அது உறுதியானது என்று காட்டுவதற்குக் கட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். அதை வரைபடமாகவும் கணக்காகவும் எழுதி அதிகாரியின் மேசையில் வைக்கப் படித்தவர்களும் வேண்டும். முதல் வகையினர் நம் தாத்தா பாட்டிகள். இரண்டாம் வகையினர் நாம்.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வோர் ஆண்டும் நம் கலை இரவுக்கு மேடை அலங்காரம் செய்கிறோம். பொலிஸ்டைரின் நுரைப்பலகையில் அரண்மனையும் கோபுரமும் வெட்டி, இரவு இரவாகச் சாயம் பூசுகிறோம். அந்த உழைப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, நானும் பூசியவன். ஆனால் மறுநாள் காலையில் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அந்த நிதியில் ஒரு பகுதியையும், நம் கைகளையும், ஒரு விடுமுறையையும் ஒதுக்கினால் ஒரு தமிழ்ப்பள்ளி வளாகத்தில் ஒரு வட்ட வாசிப்புக் குடிலைக் கட்டலாம். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்று போதும்.

இதற்கு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். முதலில், பள்ளி வாரியத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் முறையாக அனுமதி வாங்க வேண்டும். வரைபடத்துக்குப் பொறியியல் மாணவர்கள் பொறுப்பு. இரண்டாவது, எந்தத் தோட்டத்தில் லயம் இடிபடுகிறது என்ற செய்தி கிடைத்ததும் லோரிக்கு முன்னால் நாம் போய் நிற்க வேண்டும்; முன்னாள் மாணவர்கள் இதில் உதவலாம், லோரியும் மரம் அடுக்க இடமும் உங்களிடம்தான் இருக்கும். மூன்றாவது, ஒவ்வொருவரும் அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது பாட்டியிடம் அடுப்பு எப்படிப் போட்டார்கள், மண்ணை எந்தப் பதத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். இந்த மூன்றாவது காரியத்துக்குத்தான் காலம் குறைவாக இருக்கிறது. என் தாத்தாவுக்கு வயது 78.

குடில் இப்போதும் நிற்கிறது. இரண்டு பெருமழையைத் தாங்கிவிட்டது. மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு வெடிப்பு இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பூச வேண்டும். சென்ற மாதம் அம்மா முதன்முறையாக வந்து பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. “தண்ணி ஒழுகலையே” என்றார்.

எனக்கு அது போதும். கழகம் இந்த யோசனையை ஏற்றால் மண் மிதிக்க நான் முதல் ஆளாக வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: இம்முறை கூரையை முதலில் போடுவோம்.